அந்தச் செருப்பு எங்கே போயிற்று

துருபோசா அப்போண்டி வென்றவற்றை முதலில் சொல்லிவிடலாம். தம்பிகள் இருவரைக் கொண்டுபோன தட்டம்மை அவளிடம் ஒரு காதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது. வலது காது. தன் கல்யாணத்துக்கு ஒழுகும் படகில் ஏரி வளைவைக் கடந்தபோது, சுரைக்குடுவையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே போய், உடுத்திய துணி நனையாமல் கரை இறங்கினாள். தீட்டுக்காரி வீடு என்று பாதிச் சபை முகம் சுளித்தும், வியாழக்கிழமைப் பெண்கள் கூட்டத்தைத் தன் முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். நாற்பது தாண்டி எழுத்துக் கற்றாள். கணவன் இறந்தபின், வேறொரு ஆண் தன் பாயில் படுக்காமலேயே தன் நிலத்தில் விதை இறக்கினாள். கணவன் கட்டிய வீட்டிலிருந்து அவளை யாராலும் கிளப்ப முடியவில்லை. இதில் ஒன்றுகூடத் தானாக மடியில் வந்து விழுந்ததில்லை.

அவளுக்கு மூத்தவள் துருபேனா. வேதத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வரும் பெயர்கள் இரண்டும். இருவருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் ஆனதால் போதகர் ஒரே மூச்சில் வேலையை முடித்துவிட்டார் என்று அவர்களுடைய அப்பா சொல்லிச் சிரிப்பார். வசனத்திலும் மூத்தவள்தான் முன்னால் வருகிறாள். அதுதான் முறை.

ஏரிக்கரை ஊரான உயோமாவில் பிறந்து சக்வாவில் வாழ்க்கைப்பட்டதால் புகுந்த ஊரில் துருபோசாவை எல்லோரும் உயோமாக்காரி என்றே கூப்பிட்டார்கள். கணவன் ஓபியேரோ மீன் பிடிப்பவன். பகலெல்லாம் இருமுவான், சிரித்தாலும் இருமுவான். பிறந்த குழந்தைகள் இரண்டும் நடக்கத் தொடங்கும் முன்னே போய்விட்டன. வீட்டுக்குப் பின்னால் புதைத்திருந்தது. அதற்குப் பிறகும் ஓபியேரோ இன்னொருத்தியைக் கொண்டுவரவில்லை. "எனக்கு இவளையே சமாளிக்க முடியல" என்று மட்டும் சொல்வான்.

1978 ஆகஸ்டில் அவனைக் காய்ச்சல் கொண்டுபோனது. புதைத்த பின், கூரை உச்சியில் நட்டிருந்த கம்பை ஆண்கள் ஏறிப் பிடுங்கினார்கள். கம்பில்லாத கூரை தூரத்திலிருந்தே தெரியும்: இந்த வீட்டில் ஆண் இல்லை. அவனுடைய பழைய கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். கொழுந்தன்மாரில் ஒருவன் அவளை ஏற்று, அவள் வீட்டில் ஓர் இரவு தங்கிப் போகும்வரை அவள் தீட்டுக்காரி. ஏற்கும் அந்த ஆளுக்கு ஜாதேர் என்று பெயர். ஜாதேர் வரும்வரை பிறர் வீட்டுக்குள் அவள் கால் வைக்கக்கூடாது.

கால் வைக்கக்கூடாது என்றால் எங்குமே கூடாது. அக்காள் வீடும் அதில் அடக்கம். அந்த வருஷம் துருபேனாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. துருபோசா விடியலில் கிளம்பி நடந்து வந்து, கள்ளிவேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே முரசு, பாட்டு, மாட்டிறைச்சி வாசனை. துருபேனா வேலியின் மேலாகக் களியும் கறியும் நீட்டினாள்.

"உக்காந்து தின்னுடி."

"எங்க உக்கார? இது உங்க வீட்டு வழி. போறவங்க வாறவங்க என் மேல இடறி விழவா?"

"கோட்டயாவது கழட்டு. வெயில் கொளுத்துது."

"கழட்டினா உன் சம்பந்தி மயக்கம் போட்டு விழுந்துருவாங்க. அப்புறம் கறியெல்லாம் யாரு திங்கறது?"

நின்றபடியே தின்றாள். கல்யாணப் பெண் வேலிக்கு அருகில் வந்து கையை ஆட்டினாள். அவளும் கையை ஆட்டிவிட்டு, பொழுது சாயும் முன்னே திரும்பி நடந்துவிட்டாள்.

ஓபியேரோவின் தம்பி ஒகும்போவின் வீடும் அதே வளாகத்தில்தான் இருந்தது. முற்றத்துக்கு இந்தப் பக்கம் அண்ணி வீடு, அந்தப் பக்கம் தம்பி வீடு, நடுவில் பலகைமேல் நிற்கும் பெரிய தானியக் கூடை. ஒகும்போ கெட்டவன் இல்லை. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. அண்ணன் இறந்த வாரமே அண்ணிக்கு விறகு பிளந்து போட்டான். ஜாதேராகத் தான் வருவது கடமை என்று நினைத்தான், ஆசையும் இருந்திருக்கலாம். அது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

அவள் மாட்டேன் என்றாள். மூப்பர்கள் ஏன் என்று கேட்டார்கள். அக்காளிடம் மட்டும் சொன்னாள்: "அவர் இருமல் இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கு, அக்கா. அதுக்கு மேல இன்னொருத்தன் குறட்டைய எங்க வைக்க?"

மாட்டேன் என்பது அவளோடு முடிந்தால் யாரும் பெரிதாக எடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒரு வளாகத்தில் மூத்தவள் விதை இறக்காமல் இளையவள் மண்ணைக் கொத்தக்கூடாது. மூத்தவள் விதை இறக்குவதற்கு முந்தின இரவு அவள் வீட்டில் ஆண் இருந்தாக வேண்டும். மீறினால் சிரா என்னும் சாபநோய் பிடிக்கும். பிள்ளைகள் நாளுக்கு நாள் உருகிப் போவார்கள். ஆக, துருபோசா மறுத்தால் ஒகும்போவின் மனைவி தோர்க்காவின் நிலமும் தரிசு. தோர்க்காவுக்கு நான்கு பிள்ளைகள்.

தோர்க்காவின் பாடுதான் பெரும்பாடு. புருஷன் அண்ணி வீட்டுக்குப் போவதற்கு அவள் மனசு ஒப்பவில்லை. போகாவிட்டால் பிள்ளைகள் வயிறு காயும். பானையைக் கழுவிக்கொண்டே முற்றத்துக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவாள்.

"சில பேருக்கு என்ன, ஒத்த வயிறு. மரவள்ளிய மென்னுட்டுப் படுத்துருவாங்க."

"ஒத்த வயிறுன்னாலும் ஒட்டின வயிறுடி" என்பாள் துருபோசா, தன் வாசலிலிருந்து. "உனக்கு வேணும்னா உன் புருஷன அனுப்பு. அனுப்பிட்டு நீ தூங்கிருவியா?"

தோர்க்கா பானையை ஓங்கி வைப்பாள். 

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் எஸ்ரோன் ரூத்தின் புத்தகத்தை வாசித்தார், விதவையான ரூத்தைப் புருஷன் வழியில் வந்த போவாஸ் கட்டிக்கொள்ளும் கதை. சபைக்குள் மட்டும் தீட்டு பார்ப்பதில்லை. ஆனாலும் துருபோசா கடைசிப் பாயில், இடது காதை முன்னால் திருப்பி உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் வாசித்தார்: போவாஸ்தான் ரூத்துக்கு ஜாதேர். பாய்களில் பெண்கள் தலையாட்டினார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒகும்போ நிமிர்ந்து உட்கார்ந்தான். ஓபாரே பெரியவர், குலத்தில் எல்லோருக்கும் மூத்தவர், கம்பால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். வேதமே சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் துருபோசா தானியக் கூடையோரம் வந்து நின்றாள்.

"தோர்க்கா, உங்கிட்ட வேதப் புத்தகம் இருக்குல்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"அந்தச் சொல்லப் பாக்கணும். ஜாதேர்னு எழுதியிருக்கான்னு."

"உபதேசியார் வாசிச்சத எல்லாரும் கேட்டோமே."

"எனக்கு ஒரு காதுதான். காது ஏமாத்தும். கண்ணால பாத்தா ஒத்துக்குவேன்."

தோர்க்கா நாலாம் வகுப்புவரை படித்தவள். 'ஒத்துக்குவேன்' என்றதும் அவளுக்கு ஒரு பாரம் இறங்கியது, இன்னொன்று ஏறியது. தானே பார்த்துச் சொல்கிறேன் என்றாள். துருபோசா விடவில்லை. "நீ சொன்னா நீ சொன்னதாத்தான இருக்கும்" என்றாள்.

அதனால் தோர்க்கா கரித்துண்டை எடுத்துத் தானியக் கூடையின் அடிப்பலகையில், அவர்கள் மொழியை எழுதும் இங்கிலீஷ் எழுத்துகளில் ஐந்தை எழுதினாள். முதலாவது தூண்டில் முள் போல வளைந்தது. இரண்டாவதற்கு வயிறு. மூன்றாவது சிலுவை. நாலாவது சுருண்ட புழு. ஐந்தாவது, மண்ணிலிருந்து அப்போதுதான் தலை நீட்டிய முளை. முள், வயிறு, சிலுவை, புழு, முளை: ஜாதேர்.

"இந்த அஞ்சு போதும், அக்கா. வேற எதையும் தொடாத. இந்த வரிசையில வந்தா நில்லு."

புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கூடைமேல் வைத்துவிட்டுப் போனாள். கையிலிருந்து கைக்குக் கொடுக்கவில்லை.

பிறகு துருபோசாவின் பகல்கள் அப்படித்தான் போயின. வெளிச்சம் இருக்கும்வரை வாசல்படியில் உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளுவாள். அவர்கள் மொழியில் ஆள் என்றாலே 'ஜா'தான். ஜாதுவோங் என்றால் பெரியவர், ஜாலுபோ என்றால் மீன் பிடிப்பவர். முள்ளும் வயிறும் வராத பக்கமே இல்லை. ஒவ்வொன்றிலும் நின்று மூன்றாவது எழுத்தைப் பார்க்க வேண்டும். தோர்க்கா பக்கம் காட்டிக் கொடுக்க மறந்ததால், ரூத்துக்கு முந்திய நியாயாதிபதிகள் புத்தகத்திலேயே தொடங்கிவிட்டாள். அங்கே ஒருநாள் முள், வயிறு, சிலுவை, புழு என்று வரிசையாக வந்தன. விரல் அங்கேயே நின்றது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்த எழுத்தைப் பார்த்தாள். முளை இல்லை, நெட்டைக் கம்பு ஒன்று நின்றது, அதன் பின்னால் ஒரு வட்டம். அது ஜாதேலோ, தலைவன் என்கிற சொல் என்று தோர்க்கா பிறகு சொன்னாள்.

யாரும் வரவில்லை. வாசலில் கோட்டுப் போட்ட ஒரு பெண் புத்தகத்தில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தால், வழியில் போகிறவர்கள் குனிந்துகொண்டு போவார்கள். விரலோடு சேர்ந்து அவள் உதடும் அசையும். பேச ஆள் இல்லாத வீட்டில் அந்த ஐந்து எழுத்துகள்தான் அவளோடு பேசின. அதிலும் எதிரி மாதிரி.

ரூத்தின் நான்கு அதிகாரங்களையும் விரலால் கடந்து முடித்தாள். அந்தச் சொல் இல்லை. மறுபடி முதலிலிருந்து தள்ளினாள். இல்லை.

தோர்க்காவைக் கூப்பிட்டாள். தோர்க்கா சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து வேகமாக வாசித்துப் பார்த்தாள். "உறவுக்காரன்னுதான் போட்டிருக்கு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வெறும் உறவுக்காரன். எங்க பாத்தாலும் அதேதான்."

இருவரும் சபைக்குப் போய் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பக்கத்தைப் பார்த்து, சிரித்துவிட்டார்.

"அட! எத்தன வருஷமா வாசிக்கிறேன். கண்ணு உறவுக்காரன்னு பாக்குது, வாய் ஜாதேர்ங்குது. நம்ம ஆளுங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான புரியும்னு வாயே முடிவு பண்ணிருச்சு."

"அப்ப புத்தகம் சொல்லல" என்றாள் துருபோசா.

"சொல்லு இல்ல, உயோமாக்காரி. ஆனா ஆளு இருக்கானே. போவாஸ் அவளக் கட்டிக்கிட்டானா இல்லையா?"

 உபதேசியார் சொன்னது நியாயம்தான் என்று வரும் வழியில் அவளே சொன்னாள். விஷயம் ஓபாரே பெரியவர் காதுக்குப் போனபோது அவர் கேட்டது இன்னும் நேர்: "புத்தகத்துல இல்லைன்னா என்ன? நம்ம வழக்கம் புத்தகத்துலேருந்தா இறங்கி வந்துச்சு? மழை வரப் போவுது. அவ ஒத்துக்கணும், இல்ல பொறந்த ஊருக்குப் போகணும்."

பிறந்த ஊரில் அவளுக்கு நிலம் கிடையாது. அக்காள் வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. ஓபியேரோவும் குழந்தைகளும் இங்கேதான் மண்ணுக்குள் இருந்தார்கள்.

வியாழக்கிழமைப் பெண்கள் கூட்டம் முறைவைத்து வீடு வீடாக நடக்கும். துருபோசா வர முடியாததால் அவள் இல்லாமலேயே நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் அவள் கூட்டத்துக்கு ஒரே ஒரு வாய்ச்செய்தி அனுப்பினாள்: தீட்டுக்காரி பிறர் வீட்டுக்குப் போகக்கூடாது என்றுதானே வழக்கம், பிறர் தீட்டுக்காரியின் முற்றத்துக்கு வரக்கூடாது என்று யார் சொன்னது? பாதிப் பேர் வரவில்லை. மீன் விற்கும் ரிஸ்பா வந்தாள். அவள் குரல் சந்தையில் பழகிய குரல். அவள் வந்தால் இன்னும் சிலர் வராமல் இருக்க முடியாது. தோர்க்கா தன் வீட்டு வாசலிலேயே புத்தகத்தோடு உட்கார்ந்து, முற்றம் தாண்டி வாசித்தாள்.

நாலாம் அதிகாரம். போவாஸுக்கு முன்னால் இன்னும் நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். நிலம் வேண்டும், ரூத் வேண்டாம் என்கிறான். ஊர்வாசலில் மூப்பர்கள் பார்க்கத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறான்.

"கெட்டிக்காரன். நிலம் மட்டும் போதும்னான் பாரு" என்றாள் ரிஸ்பா. "அவன் பேரென்ன?"

"பேர் போடல" என்றாள் தோர்க்கா.

"பேர் போடாமப் போனதே அவனுக்கு நல்லது. பொஞ்சாதிகிட்ட வாங்கிக் கட்டியிருப்பான்."

பெண்கள் சிரித்து அடங்கியதும் துருபோசா கேட்டாள்: "அந்தச் செருப்பு எங்க போச்சு?"

"எந்தச் செருப்பு?"

"அவன் கழட்டினது. ஒத்தச் செருப்போட வீட்டுக்குப் போனானா? செருப்பு யாருகிட்ட இருந்துச்சு?"

தோர்க்கா பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். அதற்கு மேல் எழுதவில்லை. ஒருத்தி, போவாஸ் தூக்கி எறிந்திருப்பான் என்றாள். இன்னொருத்தி, ரூத்து அடுப்பு மூட்டியிருப்பாள் என்றாள். ரிஸ்பாதான் யோசித்துச் சொன்னாள்:

"எங்க மாமியாருக்குப் புருஷன் செத்தப்ப அவங்க பல்லுப் போன கிழவி. அவங்கள யாரு ஏத்துக்கறது? எங்க சின்ன மாமனாரு அவரு கோட்ட ஒரு ராத்திரி அவங்க வீட்டு ஆணியில மாட்டிட்டுப் போனாரு. காலையில எடுத்துக்கிட்டாரு. அவ்வளவுதான். தீட்டுப் போச்சு, விதையும் இறங்குச்சு."

"கோட்டு மட்டுமா?" என்றாள் துருபோசா.

"கோட்டு மட்டும்தான். ஆளு அவரு பொஞ்சாதிகிட்ட பத்திரமா இருந்தாரு. ஆனா அது பிள்ளை பெறுற வயசு போனவங்களுக்குத்தான், உயோமாக்காரி. உனக்கில்ல."

துருபோசா தோர்க்காவை முதல் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாள். ரூத்தின் மாமியார், விதவை நகோமி, மருமகள்களைத் திரும்பிப் போகச் சொல்லும் இடம் வந்தது. நான் வயதானவள், இனி ஒரு புருஷனோடு வாழும் காலம் எனக்குப் போய்விட்டது என்கிறாள் நகோமி. துருபோசா அதை இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னாள்.

"நகோமிய யாரும் ஏத்துக்கலையே" என்றாள். "நிலம் அவளோடது. கதை அவளோடது. ஒருத்தன்கூட அவ பாய்க்கு வரல. எல்லாரும் ரூத்தையே பாக்குறீங்க. அந்தம்மா அங்கேயே நிக்கிறா."

"அவளுக்குப் பிள்ளை கிடையாதே இனி" என்றாள் ஒருத்தி மெதுவாக.

"ஆமா" என்றாள் துருபோசா.

 பெண்கள் கலைந்துபோனார்கள். தோர்க்கா மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள். துருபோசாவுக்கு நாற்பத்தொன்று. மாதாமாதம் அவள் வீட்டுக்குப் பின்னால் துணி காய்வது தோர்க்கா ஒருத்திக்குத்தான் தெரியும். பிள்ளை வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சின்னக் கல்லறைகளைச் சுற்றிப் புல் வளர விட்டதும் இல்லை.

மார்ச் கடைசியில் முதல் மழை விழுந்தது. மறுநாள் மூப்பர்கள் வளாகத்துக்கு வந்து தானியக் கூடையோரம் உட்கார்ந்தார்கள். ஒகும்போ கைகட்டி நின்றான். துருபோசா கோட்டோடு வந்து, அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன முடிவு?" என்றார் ஓபாரே பெரியவர்.

"நகோமி சொன்னதத்தான் நானும் சொல்றேன், பெரியவரே. புருஷனோட வாழுற வயசு எனக்குப் போயிருச்சு."

பெரியவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் சுருக்கம் அதிகம் இல்லை. பிறகு தோர்க்காவைப் பார்த்தார். ஒரே வளாகத்துப் பெண். அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"என்னம்மா, உங்க அக்கா கிழவியா?"

எல்லாம் அந்த ஒரு பதிலில் நின்றது. தோர்க்கா கையிலிருந்த முறத்தை ஒருதரம் தட்டினாள். அதில் தானியம் இல்லை.

"கிழவிதான்" என்றாள். "ரெண்டு வருஷமா."

"சொன்னா மாத்த முடியாது" என்றார் பெரியவர் துருபோசாவிடம். "நாளைக்கே மனசு மாறி வேற எவனோடயாவது வயித்துல வாங்கினேன்னா, இந்த வீட்டுலயும் இடமில்ல, இந்த ஊருலயும் இல்ல."

"தெரியும்."

"சரி. கிழவிக்குக் கோட்டு போதும்."

"கோட்டு வேணாம், பெரியவரே. கோட்டு என்மேலயே ஒண்ணு இருக்கு. செருப்பு போதும். புத்தகத்துல செருப்புதான் எழுதியிருக்கு."

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "கோட்டோ செருப்போ, ஆம்பள பொருள் ஒண்ணு ராத்தங்கணும், அவ்வளவுதான்" என்றார் ஒருவர். வழக்கம் நடந்தது என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். வேதம் நடந்தது என்று அவள் சொல்லிக்கொள்ளலாம். அவன் விலகினான் என்பது அவள் கணக்கு, அவன் வந்து போனான் என்பது அவர்கள் கணக்கு. ஒரே செருப்புதான்.

ஒகும்போ காலைப் பார்த்துக்கொண்டான். "அண்ணி, இது புதுசு. போன மாசம்தான் லாரி டயர்ல வெட்டி வாங்கினேன். பழச எடுத்துட்டு வரட்டா?"

"போவாஸ்கிட்ட அவன் பழசத்தான் கொடுத்தானாடா?" என்றார் ஓபாரே பெரியவர். "கழட்டு."

சாயங்காலம் ஒகும்போ வலது செருப்பை அண்ணி வீட்டு நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு முற்றம் கடந்தான். பாதியில் கள்ளிமுள் குத்தியது. அவன் திட்டிய திட்டு ஏரிக்கரைவரை கேட்டது. தோர்க்கா கதவுக்குப் பின்னால் மேல்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளே பிறகும் சொல்லவில்லை.

விடிந்ததும் துருபோசா கோட்டைக் கழற்றிவிட்டு, மண்வெட்டியோடும் விதையோடும் போய்ச் சோளம் இறக்கினாள். அவள் நிமிர்ந்து கையைத் தட்டியதும் தோர்க்கா தன் நிலத்தில் முதல் கொத்துப் போட்டாள். சில பேர் சொல்வதுபோல் அன்று மக்காச்சோளம் விதைக்கவில்லை. சோளம்தான்.

வெயில் ஏறியதும் ஒகும்போ செருப்புக்கு வந்தான்.

"அண்ணி, செருப்பு."

"திருப்பிக் கொடுத்ததா புத்தகத்துல எழுதல, தம்பி."

செருப்பு அவள் வீட்டு ஆணியில் தொங்கியது. ஒகும்போ அந்த வருஷம் முழுவதும் ஒரு காலில் புதுசும் ஒரு காலில் பழசுமாக நடந்தான். அந்தச் சபையில் ரூத்தின் புத்தகம் வாசிக்கும்போதெல்லாம், நாலாம் அதிகாரத்தில், பாய்களிலிருந்து யாராவது ஒருத்தி கேட்பாள்: அந்தச் செருப்பு எங்கே போயிற்று? எல்லோரும் ஆண்கள் பக்கம் பார்ப்பார்கள்.

தீட்டு நீங்கியபின் அவள் நுழைந்த முதல் வீடு தோர்க்காவுடையது. தோர்க்கா பாய் விரித்தாள், கிழவிகளை உட்கார வைக்கும் பக்கத்தில். வேறு எங்கே விரிப்பாள்? அவள் பிள்ளைகள் அதுவரை பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். யாராவது வந்திருந்தால், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, பாட்டி என்றார்கள். கல்யாண வீடுகளில் துருபோசாவின் வயதுப் பெண்கள் ஒருபக்கம் கூடி இரட்டை அர்த்தத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவள் வந்தால் பேச்சு நின்று இடம் விடுவார்கள், மரியாதையாக. ஆண்கள் அவளிடம் கேலி பேசுவதை விட்டுவிட்டார்கள். அக்காள் வீட்டுக்கு வந்து உள்ளே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் எழுந்து, யாரும் வராத வேலியோரம் போய்ச் சிறிது நேரம் நின்றாள். பழகிய இடம்.

மாதாமாதம், மற்ற பெண்கள் ஓடைக்கு வரும் முன், கீழ்வளைவில் தனியாகத் துணியை அலசினாள். ஈரத்துணியை வெயிலில் போட முடியாது. வீட்டுக்குள்ளேயே அடுப்புப் புகையில் காய வைத்தாள். வருஷக்கணக்கில் அப்படி. இதை இப்போது சொல்வதில் குற்றமில்லை. ஓபாரே பெரியவரும் ஒகும்போவும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தோர்க்கா ஒருநாளும் வாய் திறக்கவில்லை. கடைசியில் துருபோசாவுக்கு உண்மையாகவே அந்தக் காலம் முடிந்தபோது, அக்காளிடம் வந்து சொன்னாள்: "இப்பத்தான், அக்கா, நான் சொன்னது நெசமாச்சு." சொல்லிவிட்டு இடது காதைத் திருப்பிக்கொண்டாள், பதில் வருமென்பது போல. துருபேனா அவள் தலையை வருடினாள்.

விதை இறக்கிய வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, பின்னால் யாரும் பேச்சு மாற்றாமல் இருக்க, மூப்பர்கள் அரசாங்கத்தின் உதவி சீஃப் அலுவலகத்தில் ஒரு தாள் எழுதச் சொன்னார்கள். உபதேசியார்தான் எழுதினார்: ஓபியேரோவின் வீடும் நிலமும் அவன் மனைவியிடம், அவள் உயிரோடு இருக்கும்வரை. மூப்பர்கள் ஒவ்வொருவராகப் பெருவிரலை வைத்தார்கள். உதவி சீஃப் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"விரல வைம்மா. நேரமாவுது."

"அந்தப் பெட்டிய மூடி வைங்க, ஐயா. மை காஞ்சிடப் போவுது."

பேனாவை வாங்கிக்கொண்டாள். சிலுவையும் வயிறும் முளையும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தச் சொல்லைத் தேடியபோது கிடைத்தவை. மற்ற எழுத்துகளைத் தோர்க்கா கூடையின் பலகையில் கரியால் எழுதிக் காட்டியிருந்தாள். முள்ளும் புழுவும் அவள் பெயரில் வரவில்லை. அவை இரண்டையும் அவள் அதற்குப் பிறகு எழுதியதே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி, கோடு தாண்டாமல், தாளின் அடியில் துருபோசா அப்போண்டி என்று எழுதினாள். 1979 ஏப்ரல் 2.